சில்லைச் சுழற்றுவது எஞ்சின் இல்லை: முன்சில்லு இழுவைக் காருக்கு 402 மீற்றர் லோஞ்ச்

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 1998 ஹொண்டா சிவிக் பெரியோ, ஈ.கே.3. 1.5 வீடெக், 130 குதிரைவலு, ஐந்து கியர் மனுவல். எஞ்சினில் ஒன்றும் மாற்றவில்லை. கட்டுக்குருந்தவில் 402 மீற்றர் (கால் மைல்) நேர்ப்பாதைப் போட்டி ஓடினேன். 5000 ஆர்.பி.எம்.மில் பிடித்துக் கிளச்சை விட்டேன். சில்லு புகைத்தது, முன்பக்கம் தடதடவென்று துள்ளியது, ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுத்தது. முதல் 60 அடிக்கு 2.75 செக்கன், முழுத் தூரத்துக்கு 17.2. இதே காரில் 16.5 அளவில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டாளிமாரில் ஒருவர் எல்.எஸ்.டி. (ஒரு சில்லு மட்டும் தனியே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷல்) போடச் சொல்கிறார், ஒருவர் ஸ்பிரிங்கை வெட்டிப் பதிக்கச் சொல்கிறார், இன்னொருவர் டிக்கியில் மண்மூட்டை வைக்கச் சொல்கிறார். கையில் கன காசு இல்லை. எதை முதலில் செய்யலாம்? (மானிப்பாய் வாசகர்)

பதில்: தம்பி, மூன்றில் ஒன்றையும் இப்போது செய்யாதீர்கள். மண்மூட்டையையும் ஸ்பிரிங் வெட்டுவதையும் எப்போதுமே செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் தவறு இருப்பது இடது காலில். அதைத் திருத்த ஒரு சதமும் தேவையில்லை, பொறுமை மட்டும் தேவை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். நீங்களும் ஏறியிருக்க உங்கள் கார் சுமார் 1130 கிலோ. அதில் அறுபது வீதத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய 690 கிலோ, முன்சில்லுகளில் நிற்கிறது. கார் முன்னுக்குப் பாயும்போது பாரம் பின்னுக்குப் போகும். போகிற அளவைத் தீர்மானிப்பவை காரின் எடை, வேகம் கூடும் வீதம், எடைமையத்தின் உயரம், முன் பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம் ஆகியவைதான். உங்கள் காரில் அந்த நீளம் 2620 மில்லிமீற்றர், எடைமையம் தரையிலிருந்து அரை மீற்றருக்குச் சற்று மேல். நல்ல லோஞ்ச் (நின்ற இடத்திலிருந்து பாய்ந்து வெளிக்கிடுதல்) ஒன்றில் 90 முதல் 100 கிலோ பின்னுக்குப் போய்விடும். மிச்சம் 590, 600 கிலோ. சுத்தமான காய்ந்த பாதையில் சாதாரண ரோட்டு ரயர் தன்மேல் இருக்கும் பாரத்தின் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குத்தான் இழுக்கும். அதாவது 530 கிலோ விசை. அதற்கு மேல் கேட்டால் ரயர் வழுக்கும்.

இனி எஞ்சின் பக்கம். உங்கள் எஞ்சினின் உச்ச முறுக்கு விசை சுமார் 140 நியூற்றன் மீற்றர். முதல் கியரும் பைனலும் (கியர் பொக்ஸின் கடைசிப் பற்சில்லு இணை) சேர்ந்து அதைப் பதின்மூன்று மடங்கு அளவில் பெருக்கும். வழியில் உராய்வில் போவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தரையில் வந்து சேருவதும் ஏறக்குறைய 530 கிலோதான். அதுவும் 5000 ஆர்.பி.எம். தாண்டிய பிறகு. 3000 இல் இன்னும் குறைவு. ஆகவே சுத்தமான பாதையில் உங்கள் எஞ்சினால் தனியே நின்று ரயரைப் புகைக்கச் செய்ய முடியாது.

அப்படியென்றால் புகைத்தது எதனால்? பிளைவீலால், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பாரமான தட்டால். 5000 இல் சுழன்றுகொண்டிருக்கும் பிளைவீலுக்குள் சக்தி சேமித்துக் கிடக்கிறது. கிளச் பிளேட்டையும் எஞ்சின் தருவதைவிட நன்றாகக் கூடுதலாகக் கடத்தத்தக்கதாகவே செய்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் வழுக்கும். நீங்கள் பெடலைச் சட்டென்று விட்டதும் கிளச் தன்னால் கடத்தக்கூடிய முழுவதையும் ஒரே அடியாகக் கடத்துகிறது. பிளைவீல் தன் சேமிப்பைக் கொட்டுகிறது. ரயருக்கு 530 போதும் என்றிருக்க 700, 800 வந்து விழுகிறது. ஒருமுறை வழுக்கத் தொடங்கிய ரயரின் பிடி இன்னும் இறங்கும். அதற்குப் பிறகு எஞ்சினின் சாதாரண பலமே அதைச் சுழலவைத்துக்கொண்டிருக்கப் போதும்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். முதல் கியரில் 5000 ஆர்.பி.எம். என்றால் கார் மணிக்கு 43 கிலோமீற்றர் ஓடவேண்டும். கார் நிற்கிறது. அந்த 43 இன் வித்தியாசத்தை எங்கேயோ ஒன்று வழுக்கித் தீர்க்கவேண்டும். ரயர் வழுக்கித் தீர்த்தால் நேரம் போகும். கிளச் வழுக்கித் தீர்த்தால் நேரம் மிஞ்சும், கிளச் கொஞ்சம் தேயும். 3000 இல் தொடங்கினால் அந்த வித்தியாசம் 26 ஆகக் குறைந்துவிடும்.

ஆக, செய்யவேண்டியது இது. வெளிக்கிடும் ஆர்.பி.எம். 2800 இல் தொடங்குங்கள். கிளச் பெடலைப் பிடிக்கும் புள்ளி வரைக்கும் வேகமாக விடுங்கள். அந்த இடைவெளியில் ஒன்றும் நடப்பதில்லை, அதில் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. பிடித்ததும் காலை அங்கேயே நிறுத்தி, ஒரு செக்கனுக்குச் சற்று மேலான நேரத்தில் மிச்சத்தை ஒரே சீராக விடுங்கள். அதே நேரம் வலது கால் அக்சிலேற்றரை அரைவாசியிலிருந்து மேலே கொண்டுபோகவேண்டும். ஆர்.பி.எம். முள் 2500 க்கும் 3000 க்கும் இடையில் அசையாமல் நிற்கிறது, கார் மட்டும் வேகம் எடுக்கிறது என்றால் சரியாகச் செய்கிறீர்கள். காரின் வேகம் முள்ளை எட்டிப்பிடிக்கும் கணத்தில் கிளச் முழுதாக வெளியே, அக்சிலேற்றர் முழுதாக உள்ளே.

முள் 2000 க்குக் கீழே விழுந்து கார் மூச்சுமுட்டினால் அடுத்த முறை 300 கூட்டுங்கள். முள் சட்டென்று மேலே ஏறி, காது கேட்கிற சத்தத்துக்கு முதுகில் தள்ளல் இல்லாவிட்டால் சில்லு சுழல்கிறது. அப்போது அக்சிலேற்றரை முழுதாக விடாதீர்கள். பலரும் பயத்தில் அதைத்தான் செய்கிறார்கள், பாரம் முன்னே பின்னே ஊஞ்சலாடி நேரம் இரண்டு மடங்கு போகும். கால்வாசி மட்டும் தளர்த்துங்கள், பிடித்ததும் திரும்ப மெல்ல அழுத்துங்கள். பத்துப் பதினைந்து வீத வழுக்கல் தவறில்லை. ரயர் மிகக் கூடுதலாகப் பிடிப்பதே அந்த அளவில்தான். மெல்லிய முனகல் சத்தம் நல்லது, கீச்சிடல் கூடாது.

இதைப் பழகப் போட்டிப் பாதை தேவையில்லை, ரோட்டும் தேவையில்லை. பண்ணைப் பாலத்து நேர் ரோட்டையோ காங்கேசன்துறை வீதியையோ இரவில் பாவிக்கிற எண்ணம் இருந்தால் இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மாடும் சைக்கிளும் லைட் இல்லாத லான்ட்மாஸ்ரரும் எந்த நேரம் குறுக்கே வரும் என்று யாருக்கும் தெரியாது, சட்டப்படி குற்றமும்கூட. சொந்த வளவிலோ, உரிமையாளரிடம் கேட்டு ஒரு மட்டமான சீமெந்துத் தளத்திலோ, அக்சிலேற்றரைத் தொடாமல் கிளச்சால் மட்டும் காரை இருபது தடவை நகர்த்திப் பாருங்கள். உங்கள் கால் பிடிக்கும் புள்ளியைக் கண் மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கவேண்டும். பிறகு 1500 ஆர்.பி.எம்.மைப் பிடித்து, முள் அசையாமல் ஒரு செக்கன் கிளச்சை இழுத்துப் பாருங்கள். ஐந்து தடவைக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஆறவிடுங்கள். எரிந்த மணம் வந்தால் அன்றைக்குப் போதும். சீற்றையும் பாருங்கள்: கிளச் முழுதாக உள்ளே போனபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கவேண்டும். காலை எட்டி நீட்டுகிறவரால் பெடலை மில்லிமீற்றர் கணக்கில் விட முடியாது.

இரண்டாவது ரயர். அங்கே எத்தனை பி.எஸ்.ஐ.யில் ஓடினீர்கள் என்று எழுதவில்லை. வழமையான 32 என்றே வைத்துக்கொள்கிறேன். முன்னுக்கு 26 இல் தொடங்கி, இரண்டு இரண்டாகக் குறைத்து 22 வரைக்கும் பாருங்கள். அதற்குக் கீழே சாதாரண ரயரின் பக்கச்சுவர் மடியும், கடைசி 100 மீற்றரில் 120, 130 இல் போகும்போது ஸ்ரியரிங் குழையும். பின்னுக்கு 38 வையுங்கள், ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். பின்சில்லு உருண்டால் போதும், இழுக்கத் தேவையில்லை. முன் இரண்டிலும் அரை பி.எஸ்.ஐ. வித்தியாசமும் இருக்கக்கூடாது. எங்கள் வெயிலில் இது லேசான வேலை இல்லை: ஐந்தாறு பாகை வெப்பம் கூட அமுக்கம் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், வரிசையில் நிற்கும்போது வெயில் பட்ட பக்கத்து ரயர் மட்டும் ஏறும். பெற்றோல் நிலையத்து மானியை நம்பாமல் சொந்தமாக ஒன்று வைத்திருங்கள். ஓட்டத்துக்கு முன்னர் கடைசி ஐந்து நிமிடத்தில் அளவுங்கள்.

ரயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்; 1219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 12 ஆவது வாரம் செய்தது. கோடு ஆழமாக இருக்கிறது என்று பாவித்த ரயர் வாங்குகிறோம், ஆனால் ஆறேழு வருட ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். காசு செலவழிப்பதென்றால் முதல் காசு இங்கேதான்: முன்னுக்கு இரண்டு புதிய, மென்மையான ரப்பர் ரயர். எல்.எஸ்.டி.க்கு ஆகும் காசில் ஒரு பங்குதான் வரும், 60 அடியில் தருவது அதைவிடக் குறையாது.

ரயரைச் சூடாக்குகிறேன் என்று நீளமாகப் புகைவிடாதீர்கள். அது ஸ்லிக் (கோடில்லாத பந்தய) ரயர்காரருடைய வேலை. ரோட்டு ரயர் கூடச் சூடானால் மேலே பசைபோல உருகி இன்னும் வழுக்கும். ஹான்ட் பிரேக்கைப் பிடித்து இரண்டு செக்கன் சுழற்றித் தூசியைத் தட்டினால் போதும். தண்ணீர் ஊற்றிய இடம் இருந்தால் அதைச் சுற்றிப் போங்கள். கோடுள்ள ரயர் தண்ணீரை உள்ளே ஏந்திக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு வரும். வலிகாமத்துச் செம்மண் கோடுகளுக்குள் ஒட்டியிருந்தால் முதல் நாளே கழுவிவிடுங்கள்.

துள்ளலுக்கு வருவோம். இதைத்தான் நீங்கள் லேசாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் கவலை. ரயர் பிடித்து, விட்டு, திரும்பப் பிடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் பின்னுக்குச் சாய்ந்து திரும்புகிறது. சில்லைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் தன் ரப்பர் புஷ்ஷில் முன்பின்னாக ஆடுகிறது. மூன்றும் ஒரே தாளத்துக்கு வந்தால் அந்தத் தடதடப்பு. அக்சில், அதன் முனையிலுள்ள மூட்டான சீ.வி. ஜொயின்ற், கியர் பொக்ஸ் எல்லாம் உடைவது அப்போதுதான், வெறும் சுழலலில் அல்ல. துள்ளத் தொடங்கியதும் உடனே காலை எடுங்கள். அந்த ஓட்டம் போனது போனதுதான். நேரத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

இருபத்தைந்து வருடம் தாண்டிய கார், அதுவும் உப்புக்காற்றில் நின்றது. கராஜில் பொனட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரிலும் ரிவேர்ஸிலும் மாறி மாறிக் கிளச்சை மெல்லப் பிடிக்கவிட்டு, எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் யாரும் நிற்கக்கூடாது. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் சாய்ந்தால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. பின்பக்க மவுண்டை முதலில் சந்தேகியுங்கள். பிறகு லோவர் ஆர்மின் பின்னாலுள்ள பெரிய புஷ். ரப்பர் வெடித்திருந்தால் கம்பியால் நெம்பும்போது பிளந்து காட்டும். போல் ஜொயின்ற், ஷொக் அப்சோபரின் எண்ணெய்க் கசிவு, சீ.வி. பூட்டின் கிழிசல் எல்லாம் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். போல்ற் துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல் நாளே துரு இளக்கி அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். அவசரத்தில் முறுக்கினால் தலை அறுந்து, ஒரு புஷ்ஷுக்குப் போன வேலை சப்பிரேமில் துளையிடும் வேலையாகிவிடும்.

தொடக்கக் கோட்டிலேயே துள்ளலைக் குறைக்க ஒரு வழியுண்டு. கார் தொடக்கக் கோட்டில் சரியாக நிற்கிறது என்று காட்டும் இரண்டாவது வெள்ளை விளக்கு எரிந்ததும் ஹான்ட் பிரேக்கை இழுத்து, பொத்தானை அழுத்தியபடியே வைத்திருங்கள். கிளச்சைப் பிடிக்கும் புள்ளிக்கு ஒரு மயிரிழை கொண்டுவந்து கார் கொஞ்சம் முக்குமளவுக்கு நிறுத்துங்கள். மவுண்டும் அக்சிலும் தங்கள் இடைவெளியை ஏற்கனவே தீர்த்துக்கொண்டிருக்கும், அடி விழும்போது ஆடாது. ஒன்றிரண்டு செக்கனுக்கு மேல் வேண்டாம், கிளச் கருகும். பச்சைக்காகக் காத்திருக்காமல் கடைசி மஞ்சளோடு ஹான்ட் பிரேக்கை விட்டு வெளிக்கிடலாம். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இது அவசரமில்லை. தொடக்கக் கோட்டுக்குக் குறுக்கே போகும் ஒளிக்கதிரைச் சில்லு விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரம் எண்ணத் தொடங்கும், நீங்கள் தாமதித்தது அதில் சேராது. எதிராளியை வெல்லவேண்டிய நாளில் அதைப் பழகலாம். அதுவரை இரண்டாவது விளக்கு எரிந்த அந்த இடத்திலேயே நில்லுங்கள், ஒரு அங்குலமும் உள்ளே உருளாதீர்கள். முன்னுக்குப் போகப் போக, கடிகாரம் தொடங்குமுன் கிடைக்கும் அந்தச் சின்ன உருளல் குறையும். போனில் ஜிபிஎஸ் நேரமானி பாவிப்பவர்களுக்கும் இதே கதை: ஒரு அடி உருளலைக் கழிக்கும் தெரிவு போட்டிருக்கிறதா இல்லையா என்று பாராமல் இரண்டு பேரின் நேரத்தை ஒப்பிட்டால் கால் செக்கனுக்கு மேலேயே பொய் சொல்லும்.

ஸ்ரியரிங் இழுத்தது பற்றி: பாதையில் விழுந்த கறுப்புக் கோடு ஒன்றா இரண்டா? ஒன்றென்றால் ஒரு சில்லு மட்டும் சுழன்றிருக்கிறது. சாதாரண டிபரன்ஷலில் பிடி குறைந்த சில்லு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் மற்றதும் இழுக்கும். நீங்கள் வலப்பக்கம் இருக்கிறீர்கள், இடப்பக்கம் ஆளில்லை. அமுக்கமும் வித்தியாசமாக இருந்தால் இது இலகுவாக நடக்கும். இரு கையாலும் பிடித்து, சில்லு நேராக இருக்கும்போது மட்டும் வெளிக்கிடுங்கள். அலைன்மென்ற் செய்யும்போது முன் ரோவை (இரண்டு முன்சில்லுகளும் உள்ளுக்கோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) பூச்சியத்திலோ ஒரு மில்லிமீற்றர் வெளியேயோ வைக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போது முன்சில்லுகள் தாமாக உள்ளுக்குத் திரும்பும். அலைன்மென்ற் கடைக்காரர் ஏன் என்று கேட்பார், சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி ஒரு சொல். பின்னுக்குப் போகும் பாரத்தை ஸ்பிரிங் குறைக்காது. மேலே சொன்ன கணக்கில் ஸ்பிரிங் என்ற சொல்லே இல்லை. எடைமையம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இறங்கினால் நான்கைந்து கிலோ மிஞ்சும். அதற்காக முன்சில்லு உள்ளே சரிந்து ரயரின் பாதிதான் தரையில் படும், ஷொக் அப்சோபர் அடிரப்பரில் முட்டித் துள்ளல் இரட்டிக்கும். பின் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் பின்பக்கம் குந்துவது குறையும், அது நல்லதுதான். அது அடுத்த வருடத்து வேலை. மண்மூட்டை பின்சில்லு இழுக்கும் பிக்கப்காரருடைய பழக்கம். உங்கள் காரில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எந்தப் பாரமும் நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கும். மாறாக, ஸ்பெயார் சில்லு, ஜக், டிக்கியில் கிடக்கும் சாமான் எல்லாம் இறக்கிவிட்டு ஓடுங்கள். பெற்றோல் கால்வாசி போதும்.

எல்.எஸ்.டி. நல்ல சாமான். ஆனால் இரண்டு சில்லும் சேர்ந்து சுழல்கிற காருக்கு அது எதையும் தராது. உங்கள் கிளச்சும் ரயரும் சரியாகி, அப்போதும் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் அதைப் பற்றித் திரும்ப எழுதுங்கள். டிபரன்ஷலை ஒட்டி வெல்டு பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகவேண்டாம். அதன் பிறகு அந்தக் கார் ரோட்டுக்கு உதவாது.

அடுத்த போட்டியில் ஆறு ஓட்டம் கிடைத்தால் இப்படிப் பங்கிடுங்கள். முதல் இரண்டும் 2800, 26 பி.எஸ்.ஐ.; இரண்டும் ஒன்றுபோல வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் எதையும் மாற்றாமல் மூன்றாவதையும் அப்படியே ஓடுங்கள், உங்கள் கால் இன்னும் நிலைக்கவில்லை. வந்தால் மூன்றாவதில் ஆர்.பி.எம். மட்டும் 3100. நான்காவதில் அமுக்கம் மட்டும் 24. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் வீட்டுக்கு வருவீர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம், வெப்பம், அமுக்கம், ஆர்.பி.எம்., 60 அடி நேரம் என்று கொப்பியில் எழுதுங்கள், கூட்டாளி ஒருவர் பக்கத்திலிருந்து முன்சில்லைப் போனில் படம் பிடிக்கட்டும். முழு நேரத்தை மறந்துவிட்டு 60 அடியை மட்டும் பாருங்கள். இப்போதைய ரயரில் 2.5 வந்தால் காரின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். நல்ல ரயரில் 2.35 வரை போகலாம். 60 அடியில் மிஞ்சும் ஒவ்வொரு பத்தில் ஒரு செக்கனுக்கும் கடைசியில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு மிஞ்சும். அப்படிப் பார்த்தால் 17.2 என்பது 16.8 ஆகும், ரயர் மாற்றிய பிறகு 16.6 பக்கம் வரும். 16.5 காரரோடு மிச்ச வித்தியாசம் இரண்டாம் மூன்றாம் கியர் மாற்றத்தில் இருக்கிறது. அது வேறு கடிதம்.

உங்களுக்குப் போட்டி கட்டுக்குருந்தவில், வீடு மானிப்பாயில். நானூறு கிலோமீற்றருக்கு மேல் அதே காரில் திரும்பவேண்டும். அதனால் ஓட்டத்துக்கு இடையில் கிளச் பத்து நிமிடமாவது ஆறட்டும், பொனட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; நம்மூர் சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே படிந்து, வரிசையில் நிற்கும்போது வெப்ப முள்ளில் காட்டும். தரைப்பாயை எடுத்துவிட்டு ஓடுங்கள், பெடலுக்குக் கீழே சுருளும். சில்லு நட்டுகளை 108 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கிப் பாருங்கள், காலையில் ஒருமுறை, வெளிக்கிடுமுன் ஒருமுறை. முன் ரயரைத் திரும்ப 32 க்கு அடிக்காமல் ரோட்டில் ஏறாதீர்கள். வழியில் ஆளில்லாத மட்டமான இடத்தில் நான்காம் கியரில் 2000 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுதாக அழுத்திப் பாருங்கள்: முள் காருக்கு முந்தி ஏறினால் கிளச் பிளேட் போய்விட்டது, வவுனியாவுக்கு முன்னமே மெதுவாக ஓடத் தொடங்குங்கள்.